என்ஆர்எஃப்24: ஊனோ அனுப்பும் எண் இஎஸ்பி32-இல் மாறி வருவது

ஆர்டுயினோ ஊனோ போர்டு என்ஆர்எஃப்24 ரேடியோ மாட்யூல் வழியே அனுப்பும் சென்சார் எண், இஎஸ்பி32 போர்டில் சில நேரம் மட்டும் தவறாக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு ரேடியோவில் இல்லை. இரண்டு போர்டுகளும் ஒரே ஸ்ட்ரக்சரை (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தரவுத் தொகுப்பை) வெவ்வேறு அளவில் படிக்கின்றன. ஆண்டெனாவை மாற்றிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

காற்றில் சிதைந்த பாக்கெட்டை என்ஆர்எஃப்24 சிப்பே சிஆர்சி என்ற பிழை கண்டறியும் சோதனையில் தள்ளிவிடும். உங்களுக்குப் பாக்கெட் தவறாமல் வருகிறது, எண்தான் தவறு.

ஊனோவில் சாதாரண முழு எண் 2 பைட், இஎஸ்பி32-இல் 4 பைட். தசம எண்ணான வெப்பநிலை இரண்டிலும் 4 பைட். அதனால் சென்சார் எண், வெப்பநிலை, ஈரப்பதம் என்ற உங்கள் ஸ்ட்ரக்சர் ஊனோவில் 8 பைட், இஎஸ்பி32-இல் 12. வெப்பநிலையின் முதல் இரண்டு பைட்டுகள் சென்சார் எண்ணோடு ஒட்டிக்கொள்கின்றன. வெப்பநிலை 28.5 என்றால் அந்தப் பைட்டுகள் பூஜ்யம். சென்சார் எண் சரியாகத் தெரியும். 28.6 ஆனதும் பூதாகாரமான எதிர்ம எண் வரும். "சில நேரம் மட்டும் தவறு" என்று நீங்கள் எழுதியது இதுவாகத்தான் இருக்கும்.

1. இரு பக்கமும் ஸ்ட்ரக்சரின் பைட் அளவைச் சீரியல் மானிட்டரில் அச்சிட்டுப் பாருங்கள்.
2. முழு எண்களான சென்சார் எண், ஈரப்பதம் இரண்டையும் இரு நிரல்களிலும் 16 பிட் என்றே அறிவியுங்கள்.
3. வெப்பநிலையை முதல் இடத்துக்கு நகர்த்துங்கள். இதை விட்டுவிட்டால் இஎஸ்பி32 நடுவில் 2 பைட், கடைசியில் 2 பைட் இடைவெளி சேர்த்து மறுபடியும் 12 ஆக்கிவிடும். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

சிஆர்சி சோதனையை நிரலில் அணைத்து வைத்திருந்தால் கோளாறு ரேடியோவில் இல்லை என்று மேலே சொன்னது செல்லாது. முதலில் அதை இயக்குங்கள். பிறகு பாக்கெட்டுகளே காணாமல் போனால், மாட்யூலின் மின் இணைப்புக் கால்களுக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்துப் பாருங்கள்.