212-ஐ ஏன் தொடக் கூடாது?

கேள்வி: எங்கள் வட்டார மரபுச் சின்னங்களின் பதிவேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் இரண்டே பேர். இன்னொருவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். தேசிய அமைப்பு தன்னிடமிருந்த 3,400 பதிவுகளை அனுப்பி, ஓராண்டுக்குள் எங்கள் பதிவேட்டோடு இணைக்கச் சொல்லியிருக்கிறது. கூடுதல் ஆள் கேட்டால் இல்லை என்கிறார்கள். இரண்டிலும் ஒரே சின்னம் இருந்தால் எங்களுடையதை நீக்கிவிட்டுத் தேசியப் பதிவை வைத்துக்கொள்கிறோம், அதுதானே அதிகாரபூர்வமானது. இப்படி 140 முடித்துவிட்டோம். எனக்கு முன்னால் 27 ஆண்டுகள் இந்தப் பதிவேட்டைப் பார்த்த சார், ஒருமுறை போன் செய்து "212-ஐ மட்டும் தொட்டுவிடாதேம்மா" என்றார். அந்த எண்ணுள்ள பதிவும் ஏற்கனவே இணைத்ததுதான். பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போய்விடும் என்பதால், இப்போது அவர் கூப்பிட்டால் நான் போனை எடுப்பதில்லை. வேலையை எப்படி வேகப்படுத்துவது?

பதில்: ஆள் இல்லை, நேரம் இல்லை என்ற கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்துக்கொண்டு வந்தேன், கடைசி வரிகள் வரும்வரை. 27 ஆண்டுகள் அந்தப் பதிவேட்டோடு வாழ்ந்த மனிதர், ஆயிரக்கணக்கான பதிவுகளில் ஒரே ஒரு எண்ணைச் சொல்லி, தொடாதே என்கிறார். ஏன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டாலும் நீங்கள் எடுப்பதில்லை.

ஆள் இல்லை என்கிறீர்களே அம்மா, சம்பளம் கேட்காத ஆள் ஒருவர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே!

கோபப்பட்டு எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. என் அப்பா கடைசி ஆண்டில் நான் வேலையில் இருக்கும்போதெல்லாம் போன் செய்வார். குடும்ப நிலத்தின் எல்லைக்கல் பற்றி ஏதோ சொல்ல வந்தார். ராத்திரி பேசலாம் என்று வைத்துவிடுவேன். அவர் போன பிறகு, பத்திரத்தில் இருந்த அளவுக்கும் தரையில் இருந்த வேலிக்கும் ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. அவருக்கு அது இரண்டு நிமிடப் பேச்சு. பெரியவர் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது, வீட்டிலும் சரி, அலுவலகத்திலும் சரி.

இனி 212-க்கு வருகிறேன். அது என்ன என்று எனக்கு நீங்கள் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட எண்களை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றை நானே கெடுத்தும் இருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு பட்டியல்களிலும் ஒரே பெயரில் ஒரு பழங்கிணறு. நடுவே சுமார் 90 மீட்டர் தள்ளி இரண்டு புள்ளிகள். அளவைப் பிழை என்று நினைத்து ஒன்றாக்கிவிட்டேன். உண்மையில் இரண்டு கிணறுகள் இருந்தன. பழையது தூர்ந்துபோன பிறகு பக்கத்தில் தோண்டிய புதியதுக்கும் அதே பெயர். பழையது பதிவேட்டிலிருந்து மறைந்தது. சில ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் குழாய் பதிக்க அனுமதி கேட்டு வந்தவர்களுக்கு, அங்கே ஒன்றும் இல்லை என்று பதில் போயிற்று. தோண்டியவர்கள் மேல் குற்றம் இல்லை. பதிவில் இல்லாத கிணற்றை அவர்கள் எப்படி அறிவார்கள்?

90 மீட்டரைப் பிழை என்று நினைத்ததற்கும் காரணம் இருந்தது, அதுதான் இந்த வேலையின் கஷ்டம். லண்டனின் கிரீன்விச்சில் தரையில் பதித்திருக்கும் பழைய பூச்சியத் தீர்க்கக் கோட்டின் மேல் நின்று ஜிபிஎஸ் கருவியைப் பாருங்கள், பூச்சியம் காட்டாது. ஜிபிஎஸ்ஸின் பூச்சியம் அங்கிருந்து சுமார் 102 மீட்டர் கிழக்கே இருக்கிறது. ஓர் இடத்தைக் கணக்கிட அன்று ஒரு முறை, இன்று வேறு முறை. பழைய வரைபடத்திலிருந்து எடுத்த புள்ளியை மாற்றாமல் அப்படியே ஏற்றினால் ஒரே கிணறு இரண்டாகத் தெரியும். இன்னொரு பக்கம், பிரிட்டன் நில வரைபடக் கட்டத்தில் நான்கு இலக்கக் குறிப்பு என்றால் அது ஒரு கிலோமீட்டர் சதுரம். ஆறு இலக்கம் என்றால் 100 மீட்டர் சதுரம். மென்பொருள் அதைச் சதுரம் என்று அறியாமல் தென்மேற்கு மூலையில் ஒரு புள்ளியாகக் குத்திவிடும். அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் நான்கு வேறு சின்னங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்து, பார்ப்பவருக்கு இரட்டைப் பதிவு போலத் தெரியும். திரையைப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. அங்கே நடந்து போனவருக்குத் தெரியும். உங்கள் சார் நடந்து போனவர்.

தேசியப் பதிவுதான் அதிகாரபூர்வம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி உருவானது என்று பார்த்தீர்களா? இங்கிலாந்தின் தேசியப் பதிவேட்டில் ஒரு பெரிய பகுதி, ஆர்டனன்ஸ் சர்வே என்ற நில அளவைத் துறையின் தொல்லியல் பிரிவு எழுதிவைத்த அட்டைகளிலிருந்து வந்தது. அந்தப் பொறுப்பு 1983-ல் அரச வரலாற்றுச் சின்னங்கள் ஆணையத்துக்கு மாறியது. உள்ளூர் நிர்வாகங்கள் தங்களுக்கென்று பதிவேடு தொடங்கியபோது, அவற்றில் பலவும் அதே அட்டைகளைப் பிரதி எடுத்துத்தான் தொடங்கின. உங்கள் ஊர் கதையும் இப்படி இருக்கலாம். இரண்டு பதிவும் வரிக்கு வரி ஒத்துப்போனால் இரண்டு சாட்சிகள் கிடைத்தார்கள் என்று மகிழாதீர்கள். ஒரே அட்டையை இரண்டு முறை படிக்கிறீர்கள். எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான், பிரதி எடுத்த பிறகு உள்ளூரில் யாரோ போய்ப் பார்த்துத் திருத்திய விஷயம் இருக்கும். உள்ளூர்ப் பதிவை நீக்கும்போது சரியாக அந்தத் திருத்தத்தைத்தான் நீக்குகிறீர்கள். 140 முறை செய்திருக்கிறீர்கள்.

அதே இங்கிலாந்தில், தேசியப் பதிவுகளை 80-க்கும் மேற்பட்ட உள்ளூர்ப் பதிவேடுகளுக்கு மாற்றிக்கொடுக்கும் வேலை தொடங்கியபோது, தரையிலுள்ள சின்னங்களுக்கு உள்ளூர்ப் பதிவேடுதான் முதலில் நாட வேண்டிய இடம் என்ற கொள்கையோடு தொடங்கினார்கள். தேசியப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவைப் பாருங்கள். 2022-ல் நாடாளுமன்றக் குழுவிடம் பண்பாட்டு அமைச்சகம் சொன்னபடி, மத்தியப் பாதுகாப்பில் இருந்த 3,693 சின்னங்களில் 50 காணாமல் போயிருந்தன. நகரம் விழுங்கியவை 14, அணை நீரில் மூழ்கியவை 12. மீதி 24-க்கு இடமே கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கோ ஒரு அட்டையில் "ஊருக்கு வடக்கே" என்று எழுதிவைத்துவிட்டு, வடக்கே எவ்வளவு தூரம் என்று தெரிந்தவரிடம் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த 24-ஐ நினைக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

சரி, நேரக் கணக்கு. ஒரு பதிவைச் சரியாக ஒப்பிட 20 நிமிடம் என்று வையுங்கள். வாரத்தில் ஒரு முழுநாள், ஆறு மணி நேரம் கொடுத்தால் 18 பதிவு. 3,400-க்கு 189 வாரம், கிட்டத்தட்ட நான்கு ஆண்டு. ஓராண்டில் முடியாது. வேகப்படுத்த வழி தேடாதீர்கள், எல்லாவற்றையும் இணைத்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். ஏற்றுவது வேறு, இணைப்பது வேறு. 3,400-ஐயும் உங்கள் பதிவேட்டில் தனி அடையாளத்தோடு, "சரிபார்க்கவில்லை" என்ற குறிப்போடு ஏற்றிவிடுங்கள். அது சில வார வேலை. அனுமதி கேட்டு வருபவர்களுக்குத் தேடிப் பார்க்கும்போது இரண்டு பதிவும் கண்ணில் படும். ஒரே கிணறு இரண்டு முறை தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

தேசியப் பதிவிலேயே உங்கள் பழைய எண் குறிப்பிட்டிருந்தால் அவற்றைக் கணினியே சேர்த்துக் காட்டிவிடும். சுற்றுவட்டாரத்தில் உங்கள் பதிவு எதுவுமே இல்லாதவை புதியவை, அப்படியே இருக்கட்டும். நடுவில் சந்தேகமாக நிற்பவைக்குத்தான் ஆள் கண் வேண்டும். அவற்றிலும் சாலை, குடியிருப்பு, சுரங்கம் என்று மண்ணைத் தோண்டப்போகும் இடங்களை முதலில் எடுங்கள். யாரும் தொடாத காட்டிலிருக்கும் கல் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கும்.

எதை ஒன்றாக்கினாலும் இரண்டு எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆய்வறிக்கைகளும் அருங்காட்சியகப் பெட்டிகளின் சீட்டுகளும் அந்த எண்ணைத்தான் சொல்லும். எண்ணை அழித்தால் அவையெல்லாம் அனாதை. யார், எந்தத் தேதியில், எதை நம்பி இணைத்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். "ஆய்வு செய்தும் ஒன்றும் கிடைக்கவில்லை" என்றிருக்கும் பதிவைக் குப்பை என்று தள்ளாதீர்கள், அதுவும் ஒருவர் நாள் முழுக்க வெயிலில் நின்று அறிந்த செய்தி. மேலதிகாரிகளுக்கு இந்த 189 வாரக் கணக்கை அப்படியே எழுதி அனுப்புங்கள். பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஆளைக் கொடுக்காதவர்கள் அந்த எண்ணைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

நாளை காலை அலுவலகம் போனதும் முதல் வேலை, நீக்கிய 140-ஐக் காப்புப் பிரதியிலிருந்து மீட்பது. பல அலுவலகங்களில் சில வாரங்களுக்கு ஒருமுறை பழைய பிரதியின் மேல் புதியதை எழுதிவிடுவார்கள். இன்றே கணினிப் பிரிவில் பேசி அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால், இன்று மாலை அவரைக் கூப்பிடுங்கள். 212-ஐ இணைத்துவிட்டோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். சந்தேகமான பதிவுகளின் பட்டியலோடு, திரையை விட்டுவிட்டுக் காகித வரைபடத்தை எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு மணி நேரம் அவர் வீட்டுக்கு வரலாமா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பெயரோடும் தேதியோடும் அந்தந்தப் பதிவிலேயே எழுதுங்கள், தனி நோட்டில் வேண்டாம். அங்கே இங்கே சுற்றித்தான் பேசுவார், குறுக்கிடாதீர்கள். போனை எடுக்காமல் இருந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் 212-ஐ ஏன் தொடக் கூடாது என்று கேளுங்கள்.