ஆளியாறு பாசனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆளியாற்றுத் தண்ணீரில் கேரளாவுக்குத் தமிழ்நாடு தர வேண்டிய 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) முழுசாகக் கொடுத்தாச்சு என்று படித்தேன். எங்கள் வயலில் நெல் கருகிவிட்டது. யார் சொல்வது பொய்? (கொழிஞ்சாம்பாறை)

யாரும் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த 7.25 மாநில எல்லைப் பக்கத்து மணக்கடவு அணைக்கட்டில் அளப்பது. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரைக்குமான வருட மொத்தம். அங்கே அளந்த தண்ணீர் கேரளப் பக்கத்து மூலத்தரை தடுப்பணைக்கு வந்து, இடது வலது கால்வாய்களில் பிரிந்து, கிளை வாய்க்கால்களைத் தாண்டித்தான் உங்கள் மடைக்கு வரும். மொத்தம் சரியாக இருந்தும், கதிர் பிடிக்கிற பத்து நாளில் வராவிட்டால் போச்சு. எந்தக் கால்வாய், எந்த மடை என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அது தெரியாமல் நான் எதைச் சொல்வது? எப்போதும் சொல்வதுதான்: தண்ணீர் வந்த தேதி, நின்ற தேதி, மடையில் எத்தனை அங்குலம் ஓடியது, மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி: பரம்பிக்குளம் அணை தமிழ்நாட்டுடையதா, கேரளாவுடையதா? (வேலந்தாவளம்)

இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். இயக்குவது தமிழ்நாடு. 2022 செப்டம்பரில் மதகு உடைந்தபோது தண்ணீர் பாய்ந்தது சாலக்குடி ஆற்றுக்கு, சரிசெய்தது தமிழ்நாடு.

கேள்வி: இரண்டு மாநிலங்களும் போட்ட பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவே மாட்டார்களா? (எருத்தேம்பதி)

கையெழுத்தானது 1970 மே 29. ஆனால் 1958 நவம்பர் 9 முதலே அமல் என்று எழுதிக்கொண்டார்கள். 30 வருடத்துக்கு ஒருமுறை மறுஆய்வு என்பதும் அதிலேயே இருக்கிறது. 1988 போனது, 2018ம் போனது. கூட்டங்கள் நடக்கின்றன, முடிவுதான் வரவில்லை.

கேள்வி: கல்லூரியில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆளியாறு) திட்டத்தால் யாருக்கெல்லாம் நன்மை என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். (சித்தூர்)

நன்மையை எல்லாரும் எழுதுவார்கள் தம்பி. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் லட்சக்கணக்கான ஏக்கர் பாசனம். நம் சித்தூர் தாலுகாவில் நெல்லும் தென்னையும். அது உண்மைதான். யாருக்கு நஷ்டம் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று மூன்று நீர்த்தேக்கம் வந்த காடு காடர், மலசர், முதுவர் பழங்குடிகள் வாழ்ந்த காடு. இடம் மாறியவர்கள் இன்று இருக்கும் ஊர்களைப் பாருங்கள்: எர்த் டேம் காலனி, பி.ஏ.பி. காலனி. அணைக்கும் திட்டத்துக்கும் வைத்த பேரே ஊர்ப்பேர். ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் உண்டு; இவர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. டிஎம்சி கணக்கு பேச உட்காரும் ஒவ்வொரு தடவையும் இவர்களை விட்டுவிட்டே பேசுகிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

வழியைக் கவனியுங்கள். இவர்களுக்குப் பஞ்சாயத்து முதலமடை, தாலுகா சித்தூர். ஆனால் பிரசவ வலி வந்தாலும் ரேஷன் கார்டில் பேர் திருத்த வேண்டுமென்றாலும், ஆனப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, டாப்சிலிப், சேத்துமடை செக்போஸ்ட் கடந்து, அம்பராம்பாளையம் சுற்றி, கோவிந்தாபுரத்தில் திரும்பக் கேரளாவுக்குள் வரணும். சொந்தப் பஞ்சாயத்துக்குப் போக அடுத்த மாநிலம்! அந்தக் காட்டுக்குள் இருக்கும் தேக்கடி ஊரிலிருந்து (இடுக்கித் தேக்கடி இல்லை) முதலமடைப் பக்கத்துச் செம்மணாம்பதிக்குக் காட்டு வழியைத் திறந்து கொடுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டு வந்தார்கள். 1973லேயே சரணாலயம், 2010ல் புலிகள் காப்பகம். ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு தடை. காட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும்தான். அணை கட்ட லாரி போக வழி கிடைத்த காட்டில் ஆம்புலன்ஸ் போக வழி இல்லாமல் இத்தனை வருடம் போனதை எப்படி ஏற்பது? கட்டுரையை இணையத்தில் தேடி ஒட்டாதீர்கள். பஸ் ஏறிப் போய் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதுங்கள்.

கேள்வி: உடுமலையில் மாமா தோட்டத்துக்கு ஏன் வருடா வருடம் தண்ணீர் விடுவதில்லை? (நல்லேப்பிள்ளி)

நாலு மண்டலம், முறை வைத்து விடுவது. மண்டலம் தெரிந்தால் முறை தெரியும். மாமாவிடமே கேட்கலாம்.

கேள்வி: வலதுகரைக் கால்வாய் நீட்டிப்பு எங்கள் பக்கம் வருகிறது. அதுவரைக்கும் போர்வெல்லை இன்னும் 300 அடி இறக்கலாமா? (வடகரப்பதி)

வேண்டாம். நம் பக்கம் மலையின் மழைமறைவு, கீழே கெட்டிப் பாறை. ஆழம் போகப் போகச் செலவுதான் ஏறும், ஊற்று ஏறாது. பக்கத்து பிளாச்சிமடையில் 2000த்தில் வந்த குளிர்பான ஆலை 2004ல் மூடப்படுவதற்குள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க முடியாமல் ஆனதை மறந்தாச்சா? இருக்கிற கிணற்றைத் தூர் வாருங்கள். கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கிணற்று மட்டம் எத்தனை அடி ஏறுகிறது என்று கயிறு விட்டு அளந்து, தேதியோடு நோட்டில் குறித்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.