லேசர் சரியாக வெட்டவில்லை: உடனே டியூபை மாற்ற வேண்டுமா?

கேள்வி: பொழுதுபோக்குக்காக 40 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கிய புதிதில் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஒரே ஓட்டத்தில் வெட்டியது. இப்போது இரண்டு முறை ஓட்டினாலும் அடிப்பக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், "டியூப் போய்விட்டது, புதிது மாற்றுங்கள்" என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். டியூப் விற்பவரிடம் போய் டியூப் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? லேசரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாயான டியூப் தேயும் பொருள்தான், மறுக்கவில்லை. உள்ளே இருக்கும் வாயு, இயந்திரத்தை ஓட்டாமல் வைத்திருந்தாலும்கூட நாளடைவில் வலுவிழக்கும். ஆனால் அது பெரும்பாலும் மெல்ல நடக்கும் தேய்மானம். போன வாரம் வரை வெட்டிய இயந்திரம் இந்த வாரம் திணறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அழுக்கைத்தான்.

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு லென்ஸைக் கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மஞ்சள் நிறத் துத்தநாக செலினைடு வில்லையின் நடுவில் பழுப்பாக ஒரு புள்ளியோ மங்கலான வட்டமோ தெரிந்தால் குற்றவாளி பாதி அகப்பட்டுவிட்டது. மரப்புகையின் பிசின் படிந்த இடம் லேசரின் சூட்டை வாங்கிக்கொள்ளும்; அதனால் இன்னும் கருகும்; கடைசியில் லென்ஸே விரிசல் விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த லென்ஸ் துடைக்கும் தாளால், அழுத்தாமல், ஒரே திசையில் இழுத்துத் துடையுங்கள். சட்டைத் துணி வேண்டவே வேண்டாம். லென்ஸ் உடைந்திருந்தால் அதன் தூள் நச்சுத்தன்மை உடையது. கையுறை போட்டு அள்ளி, தனியாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

துடைத்த பிறகு வெட்டு இன்னும் மோசமாகிவிட்டது என்று புலம்புபவர்கள் உண்டு. லென்ஸைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். புடைத்த பக்கம் மேலே, தட்டையான பக்கம் மரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். தாளின் மேல் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் எது புடைத்த பக்கம் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, காசு செலவில்லாத ஒரு சோதனை. ஒரே பலகையில், ஒரே வேகத்தில், மேசையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிப் பாருங்கள். டியூபுக்கு அருகிலுள்ள மூலையில் சதுரம் கழன்று விழுந்து, தூர மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் டியூபின் மேல் பழி போட முடியாது. லேசர் கற்றை, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் வழியில் கோணம் விலகியிருக்கிறது. லேசர் தலையின் நுழைவாயில் துளையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, தலையை ஒவ்வொரு மூலைக்கும் நகர்த்தி ஒரு கணம் மட்டும் சுட்டுப் பாருங்கள். கருகிய புள்ளிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழ வேண்டும். விலகி விழுந்தால் கண்ணாடிகளின் திருகுகளைச் சீராக்குங்கள். டியூபிலிருந்து முதல் கண்ணாடியில் தொடங்கி வரிசையாக வாருங்கள், நடுவிலிருந்து ஆரம்பித்தால் நாள் முழுக்க அதே வேலையாக இருக்கும். இந்த வேலையின்போது, இந்த லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு என்று குறிப்பிட்ட, கண்ணில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். டேப்பைச் சுடும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் மின்சாரம் இருக்கட்டும். திருகைத் தொடும்போது இருக்கக் கூடாது.

ஐந்து சதுரங்களும் ஒரே மாதிரி மோசம் என்றால் ஃபோகஸை, அதாவது லேசர் கூர்மையாகக் குவியும் இடத்தைப் பாருங்கள். இந்த வகைச் சிறு இயந்திரங்களில் பெரும்பாலும் 50.8 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் இருக்கும். அந்தத் தூரம் லென்ஸிலிருந்து அளக்க வேண்டியது. லேசர் தலையின் மூக்கு நுனியிலிருந்து அளந்துவிட்டு, சரியாகத்தானே வைத்திருக்கிறேன் என்பவர்களை நிறையப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு பலகைத் துண்டைச் சாய்வாக முட்டுக் கொடுத்து நிறுத்தி, கீழிருந்து மேல்வரை ஒரே கோடு போடுங்கள். கோடு எந்த உயரத்தில் மயிரிழையாக மெலிகிறதோ அதுதான் உங்கள் இயந்திரத்தின் உண்மையான ஃபோகஸ். பலகையின் தடிமன் மாறும்போதெல்லாம் மேசை உயரத்தையும் மாற்ற வேண்டும். தடித்த பொருளுக்கு ஃபோகஸை மேற்பரப்பிலிருந்து சற்றே உள்ளே இறக்கி வைப்பது நல்லது.

தண்ணீரின் சூட்டையும் பாருங்கள். குளிர்விக்கும் நீர் 15 முதல் 25 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். காலையில் நன்றாக வெட்டி, மதியம் சோர்ந்துபோகும் இயந்திரங்களின் நோய் பெரும்பாலும் இந்தத் தண்ணீரில்தான். காய்ச்சி வடித்த நீரே ஊற்றுங்கள். டியூபுக்குள் காற்றுக் குமிழி தங்க விடாதீர்கள். வெட்டும் இடத்தில் ஊதும் காற்று பலவீனமாக இருந்தால் புகை அங்கேயே நின்று லேசரை மறைக்கும், லென்ஸிலும் படியும்.

இத்தனைக்கும் பிறகும் வெட்டவில்லையா? இப்போது டியூபில் ஓடும் மின்னோட்டத்தைக் காட்டும் மில்லி ஆம்பியர் மானியைப் பாருங்கள். எவ்வளவு கூட்டினாலும் முள் ஏறவில்லை என்றால் மின்வழங்கியின் மேலும் சந்தேகம் விழ வேண்டும். முள் வழக்கம்போல் ஏறுகிறது, லென்ஸும் கண்ணாடிகளும் சுத்தம், ஆனாலும் வெட்டு இல்லை என்றால் விற்றவர் சொன்னது பெரும்பாலும் சரி. மின்னோட்டத்தை 18 மில்லி ஆம்பியருக்கு மேல் ஏற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள். மிச்சமிருக்கும் ஆயுளும் போய்விடும். மின்வழங்கியை நீங்களே திறக்கவும் வேண்டாம். அதில் பல ஆயிரம் வோல்ட் உண்டு, அணைத்த பிறகும் தங்கியிருக்கும்.

புது டியூப் வாங்குவது என்று முடிவானால் வாட் எண்ணை விட்டுவிட்டு நீளத்தையும் தயாரிப்புத் தேதியையும் கேளுங்கள். 70 சென்டிமீட்டர் டியூபை 60 வாட் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அந்தத் திறனுக்கு ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுங்கள்.

கேள்வி: ஒரே பிளைவுட் பலகையில் சில இடம் சுத்தமாக வெட்டுகிறது, சில இடம் வெட்டவே மாட்டேன் என்கிறது. இயந்திரக் கோளாறா?

பதில்: வெட்டாத இடம் பலகையோடு நகர்கிறதா, மேசையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். பலகையைத் திருப்பி வைத்து மறுபடி வெட்டினால் தெரிந்துவிடும். பலகையோடு நகர்ந்தால் இயந்திரம் நிரபராதி. பிளைவுட்டின் நடு அடுக்கில் கணுவும், ஓட்டையை அடைத்த பசையும் ஒளிந்திருக்கும். பசை கருகுமே தவிர எளிதில் வெட்டுப்படாது. பலகை வளைந்திருந்தாலும் இதே கதைதான், ஃபோகஸ் அங்கங்கே தவறும். மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு பலகை வாங்கி வெட்டிப் பாருங்கள். ஈரத்துக்குத் தாங்கும் என்று விளம்பரம் செய்யும் பிளைவுட்டில் பசை இன்னும் கடினம். உங்கள் வேலைக்கு அது தேவையில்லை.

கேள்வி: 40 வாட் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த டயோடு லேசர் வாங்கினேன். 5 மில்லிமீட்டர் மரத்தில் பாதிகூட இறங்கவில்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: எண் பொய்யாக இருக்காது; சொன்ன விதம்தான் வில்லங்கம். அந்த 40 வாட், இயந்திரம் இழுக்கும் மின்சாரமாக இருக்கலாம். மரத்தை வெட்டுவது வெளியே வரும் ஒளித்திறன். ஒளி தரும் சிறு குறைகடத்தியான ஒரு நீல டயோடு தருவது ஏறக்குறைய 5 வாட்தான். அதற்கு மேல் வேண்டுமானால் பல டயோடுகளின் கற்றைகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கையேட்டில் "ஒளி வெளியீட்டுத் திறன்" என்ற வரியைத் தேடுங்கள். அப்படி ஒரு வரியே இல்லை என்றால் விளம்பரப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன் லேசர் தலையின் அடியிலுள்ள பாதுகாப்புக் கண்ணாடிச் சில்லைத் துடைத்துவிட்டு ஒரு முறை வெட்டிப் பாருங்கள். அது புகை படிந்திருந்தால் நல்ல டயோடும் திணறும்.

கேள்வி: அதே மாதிரி டயோடு லேசர்தான் என்னிடமும். கறுப்பு அக்ரிலிக் வெட்டுகிறது, நிறமற்ற அக்ரிலிக்கில் ஒரு கீறல்கூட விழவில்லை.

பதில்: விழாது. சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி அதன் வழியே ஜன்னல் வெயில்போல் போய்விடும். கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளியை அதே அக்ரிலிக் முழுவதுமாக உறிஞ்சிக்கொள்ளும். திறன் கூடிய டயோடு வாங்கினாலும் இது மாறாது, பணத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: பெயர் எதுவும் ஒட்டாத பிளாஸ்டிக் தாள்கள் மலிவாகக் கிடைத்தன. வெட்டினால் ஓரம் கருகி, மோசமான நெடி வருகிறது. வேகத்தை மாற்றினால் சரியாகுமா?

பதில்: வேகத்தை விடுங்கள், முதலில் வெட்டுவதை நிறுத்துங்கள். அது பிவிசியாக இருந்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு; நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். காற்றோட்டமான வெளியிடத்தில், செம்புக் கம்பியின் நுனியைச் சூடேற்றி அந்தத் தாளில் ஒரு முறை தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. தாளை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.