வாட்டர் ஸ்கீ பழக 40 எச்.பி. ஃபைபர் படகில் என்னென்ன மாட்ட வேண்டும்?

கேள்வி: மண்டபம் பக்கம் வீடு. மச்சானிடம் 40 எச்.பி. அவுட்போர்டு பூட்டிய 18 அடி ஃபைபர் படகு இருக்கிறது. நானும் பத்து வயது மகளும் வாட்டர் ஸ்கீ பழக ஆசைப்படுகிறோம். படகில் என்ன மாட்ட வேண்டும்? பழைய ஸ்கீ வாங்கலாமா?

பதில்:

எல்லோரும் முதலில் ஸ்கீ கட்டையைத்தான் விலை விசாரிக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பழகுகிறவர் தண்ணீரைவிட்டு எழும்புவாரா மாட்டாரா என்பது இரண்டு விஷயத்தில் இருக்கிறது: கயிறு படகில் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது, கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் எஞ்சின் எப்படி இழுக்கிறது. காசை அங்கே போடுங்கள்.

40 எச்.பி. உங்கள் மகளுக்குத் தாராளம். நீங்கள் ஒல்லியான ஆள், படகிலும் இரண்டு பேர்தான் என்றால் உங்களையும் இரண்டு கட்டையில் எழுப்பிவிடும். கனத்த ஆள் என்றால் திணறும். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு உறுமும், நீங்கள் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பின்னாலேயே வருவீர்கள். அதற்காக எஞ்சினை மாற்ற ஓட வேண்டாம். பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னே தள்ள வேண்டிய தூரம்) ஓரிரண்டு அங்குலம் குறைந்த புரொப்பல்லர் போட்டுப் பாருங்கள். உச்ச வேகம் குறையும், கிளம்பும் இழுவை கூடும். ஸ்கீக்கு உச்ச வேகம் எதற்கு? பிள்ளைகளுக்கு மணிக்கு 20 முதல் 25 கி.மீ., பெரியவர்களுக்கு 30 முதல் 40 கி.மீ. போதும். ஒன்று மட்டும் கவனம்: பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் எஞ்சின் சுற்று நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 200 வரை ஏறும். முழு முடுக்கில் எஞ்சின் புத்தகத்தில் போட்டிருக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது.

அடுத்தது கயிறு மாட்டும் இடம். உங்கள் படகின் பின்பலகையில் இரண்டு பக்கமும் வளையம் இருக்கும். அதை நம்புவதற்கு முன் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நட்டுக்குப் பின்னால் அகலமான தகடு விரலில் தட்டுப்பட்டால் சரி. வெறும் ஸ்க்ரூவாக இருந்தால் அது படகைக் கட்டிப்போடத்தான் ஆகும், ஆளை இழுக்க ஆகாது. பலகையைத் துளைத்துப் போட்ட போல்ட்டும் 316 ரக எவர்சில்வர் வளையமும் மாட்டச் சொல்லுங்கள். இரண்டு வளையத்துக்கும் சேர்த்து, நடுவில் மிதவையும் கப்பியும் உள்ள பிரைடில் (இரு பக்கமும் மாட்டும் இணைப்புக் கயிறு) ஒன்றைப் போட வேண்டும். இழுவை அப்போது இரண்டு பக்கமும் பிரியும், கயிறும் எஞ்சினைச் சுற்றாமல் பின்னால் மிதக்கும். கயிற்றை ஒரே பக்க வளையத்தில் கட்டி ஓட்டினால் படகு அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடியும் என்றால் படகின் நடுவில் பைலான் கம்பமும் அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் பூமும் வாங்குங்கள். என்னைக் கேட்டால் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. பூம் என்பது கெட்டியான அலுமினியக் குழாய். நுனி படகின் முகப்புப் பக்கம் கம்பியால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். உங்கள் மகள் கயிற்றுக்குப் பதிலாக அந்தக் குழாயையே பிடித்துக்கொண்டு படகுக்குப் பக்கத்திலேயே எழும்புவாள். கயிறுபோல அது வெட்டி இழுக்காது. முக்கியமாக, நீங்கள் சொல்வது அவள் காதில் விழும். “முழங்காலை மடக்கு, கையை நீட்டியே வை, நீயா எழுந்திருக்காதே, படகு தூக்கட்டும்” என்று மூன்று கஜத்திலிருந்து சொல்வதும் 60 அடி தள்ளி நின்று கத்துவதும் ஒன்றா? பூமில் எடை ஒரு பக்கமாக விழுவதால் எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார வேண்டும். உங்கள் அளவுப் படகில் பெரியவரைத் தொங்கவிட்டால் படகு நன்றாகவே சாயும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிற்றுக்கு மீன்பிடி நைலான் வேண்டவே வேண்டாம். அது தண்ணீரில் மூழ்கும், ரப்பர்போல இழுபட்டுக் கைப்பிடியைத் திருப்பி அடிக்கும். மிதக்கிற பாலிபுரொப்பிலீன் ஸ்கீ கயிறுதான் சரி. வழக்கமான நீளம் 75 அடி, பழகும்போது 60 அடிக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

லைஃப் ஜாக்கெட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். சுற்றுலாப் படகில் தருகிற ஆரஞ்சு ஜாக்கெட் விழுந்த வேகத்தில் மூக்குக்கு மேல் ஏறிவிடும். மூன்று நான்கு பக்கிள் உள்ள, உடம்போடு ஒட்டிய ஸ்கீ வெஸ்ட் வாங்குங்கள். காற்று நிரப்புகிற வகை இதற்கு உதவாது. ஓட்டுபவர் கையில் கில் ஸ்விட்ச் கயிறு (அவர் விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடுவது) மாட்டியிருக்க வேண்டும். அவர் முன்னால் பார்க்க, பின்னால் பார்ப்பதற்கென்றே இன்னொருவர் வேண்டும். விழுந்தவர் பக்கம் நெருங்கியதும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். நியூட்ரலில் போட்டாலே போதும் என்று மச்சான் சொன்னால் கேட்காதீர்கள்.

இடம் உங்களுக்கே தெரியும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், அரியமான் பக்கம் வடகடல் கரையோரம் அமைதியாக இருக்கும். ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும், அதனால் தூரம் போகாதீர்கள். வாடைக்காலத்தில் இது தலைகீழ். தென்பக்கம் போனால் தீவுகளை நெருங்காதீர்கள், அது தேசியப் பூங்கா. வடபக்கம் கரையோரம் ஆழம் குறைவு. கழியை விட்டு இரண்டு மீட்டராவது இருக்கிறதா பாருங்கள், வேகத்தில் தரையில் விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து. நண்டு வலை மிதவையும் பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பமும் எங்கெங்கே கிடக்கின்றன என்று காலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள். வலையை அறுத்துவிட்டால் அப்புறம் கரையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, ஸ்கீ. பழையது தாராளமாக வாங்கலாம். காம்போ என்கிற அகலமான ஜோடிதான் வேண்டும், பெரியவருக்கு 67 அங்குலம் பொதுவாகச் சரிவரும். மகளுக்கு முன்நுனிகளைச் சேர்த்துக் கட்டிய பயிற்சி ஜோடி வாங்குங்கள், கால் இரண்டும் விரியாது. கால் செருகும் ரப்பரை மடக்கிப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கி ரப்பரை மாற்றிக்கொள்ளலாம். பழைய கயிற்றை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம்மூர் வெயிலில் கிடந்த பாலிபுரொப்பிலீன் கையில் தேய்த்தாலே தூளாக உதிரும்.