தக்காளிச் செடியில் உள்ள பச்சைப் புழுவின் முதுகு முழுக்க அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. முட்டைகளா? மருந்து அடிக்கலாமா? (அமெரிக்கா)

வேண்டாம். தயவுசெய்து அந்தப் புழுவை அப்படியே விட்டுவிடுங்கள்.

அவை முட்டைகள் அல்ல, கூடுகள். கோட்டீசியா என்றொரு குளவி உண்டு, கொசு அளவுதான் இருக்கும். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும்போது கூடவே ஒரு வைரஸையும் செலுத்திவிடும். அதனால் புழுவின் உடம்பு எதிர்க்க முடியாமல் போகிறது. உள்ளேயே வளரும் குளவிக் குஞ்சுகள் தோலைத் துளைத்து வெளியே வந்து, முதுகிலேயே பட்டு நூலால் கூடு கட்டுகின்றன. அப்புறம் அந்தப் புழு இலையைத் தொடாது, சில நாளில் செத்துவிடும்.

வட கரோலினாவில் நான் முதன்முதலாகத் தக்காளி போட்ட கோடையில், இது தெரியாமல் அப்படி ஒன்றை நசுக்கிவிட்டேன். இன்றும் அந்த வருத்தம் போகவில்லை. அடுத்த வருடம் ஒன்று கிடைத்ததும் தினமும் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கூட்டின் நுனியிலும் வட்டமாக ஒரு மூடி திறந்து, கறுப்பாகக் குட்டிக் குளவி ஏறி வந்தது. மருந்து அடித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

உங்கள் புழுவின் வாலில் கொம்பு சிவப்பாகவும், பக்கவாட்டில் 7 சாய்ந்த வெள்ளைக் கோடுகளும் இருந்தால் அது புகையிலைக் கொம்புப்புழு. தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் தின்னும். கொம்பு கொட்டாது, பயப்பட வேண்டாம்.

வெள்ளைக் கூடு இல்லாத புழுக்களைக் கையால் எடுத்தாலே போதும். ஆனால் தாமதிக்காதீர்கள். புழு தன் ஆயுளில் தின்பதில் பெரும்பகுதியை, கூட்டுப்புழுவாவதற்கு முந்தைய கடைசிக் கட்டத்தில்தான் தின்கிறது. நேற்று தழைத்திருந்த கிளை இன்று வெறும் காம்பாக நிற்பது அதனால்தான். விரல் நீளம் இருந்தாலும் இலையோடு இலையாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். கீழே மிளகு மாதிரி எச்சம் கிடந்தால் அதற்கு நேர் மேலே பாருங்கள். இரவில் புறஊதா டார்ச் அடித்தால் புழு மட்டும் வெளிர்பச்சையாக ஒளிரும்.

இதே புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, சாம்பல் நிறப் பெரிய அந்துப்பூச்சியாக வரும். அந்தியில் பூவின் முன் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிப்பதை ஒருமுறை பாருங்கள். அரிசோனாப் பக்கம் காட்டு ஊமத்தைக்கு மகரந்தம் சேர்ப்பது இதுதான். அதே ஊமத்தையின் இலையில்தான் முட்டையும் இடுகிறது.

நான் வேலியோரம் ஒரு தக்காளிச் செடியை இவற்றுக்கென்றே விட்டிருக்கிறேன். பிடிக்கிற புழுக்களை அதில் கொண்டுபோய் விடுவேன்.