வாசகர் கேள்வி – பதில்: திட்ட முன்மொழிவு ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: பாம்பனில் மகளிர் சுய உதவிக் குழு நடத்துகிறோம். கடற்பாசி வளர்க்க மானியம் கேட்டு நாங்கள் அனுப்பிய திட்ட முன்மொழிவு, 'தெளிவில்லை' என்று திரும்பி வந்துவிட்டது. எப்படி எழுத வேண்டும்?

பதில்: நீங்கள் இணைத்திருந்த நகலைப் படித்தேன். முதல் இரண்டு பக்கங்களும் குடும்பங்களின் வறுமையையே சொல்கின்றன. எத்தனை மிதவைகள், கடலில் எந்த இடம், பாசியை வாங்கப்போவது யார் என்பது எங்குமே இல்லை. உங்கள் கஷ்டம் உண்மைதான். ஆனால், பணம் ஒதுக்குபவர் தேடுவது அந்தப் பணம் என்னவாகும் என்பதற்கான விடையை. ஆகவே, 'உதவி வேண்டுகிறோம்' என்ற முதல் வரியை எடுத்துவிட்டு, இத்தனை பெண்கள், இத்தனை மூங்கில் மிதவைகளில், 45 நாளுக்கு ஓர் அறுவடை எடுத்து, இன்னாருக்கு விற்போம் என்று தொடங்குங்கள்.

வடகிழக்குப் பருவமழையின்போது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கடல் கொந்தளித்து மிதவைகள் அறுந்துபோவதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். அப்படியிருக்க, அந்த மாதங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எட்டு அறுவடை என்று கணக்குக் காட்டியிருப்பதுதான் இதிலுள்ள பெரிய ஓட்டை. ஐந்து என்று எழுதுங்கள், நம்புவார்கள்.

மீன்வளத்துக்காக மத்திய அரசு 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 விழுக்காடு வரை மானியம் உண்டு. மீதி 40 விழுக்காடு குழுச் சேமிப்பா, வங்கிக் கடனா என்பதையும் சொல்லிவிடுங்கள். மிதவை போடும் இடம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வெளியே இருப்பதை வரைபடத்தில் குறித்து இணையுங்கள்.