எந்தத் துப்பாக்கியில் ஸ்கோப் மாட்டுவது? – கேள்வி பதில்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருக்கிறது. ஆகவே இதெல்லாம் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், காகித இலக்கைச் சுடுகிறவர்களுக்கு.

திருமங்கலம்: அண்ணே, வீட்ல மூணு துப்பாக்கி இருந்துச்சு. 2019ல ஆளுக்கு ரெண்டுதான்னு சட்டத்தை மாத்துனதும் 12 போர் துப்பாக்கியை ஒப்படைச்சிட்டோம். இப்ப தாத்தா காலத்து .315 ஒண்ணும் .22 போல்ட் ரைஃபிள் ஒண்ணும் என் லைசன்ஸ்ல இருக்கு. 3-9×40 ஸ்கோப் (3லிருந்து 9 மடங்கு பெருக்குறது, முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர்) வாங்கியாச்சு. எதுல மாட்டட்டும்?

.22ல் மாட்டுங்க தம்பி. (.22, .315 எல்லாம் குழலின் அளவு, அங்குலக் கணக்கில்.) எது பெரிய துப்பாக்கி என்று பார்க்காதீர்கள், எதை அதிகம் சுடுவீர்கள் என்று பாருங்கள். .315 தோட்டா விலைக்கு மாதம் எத்தனை சுடப்போகிறீர்கள்? .22ல் ஒரு காலைப் பொழுதுக்கு ஐம்பது தோட்டா போட்டாலும் தோளும் வலிக்காது, பையும் வலிக்காது. அந்த ஐம்பதில்தான் ஸ்கோப் பழகும். தவிர, பெரும்பாலான .22களில் ரிசீவர் (தோட்டா ஏறும் உடம்புப் பகுதி) மேலேயே 11 மில்லிமீட்டர் பள்ளம் வெட்டி வந்திருக்கும். அதற்கான மவுண்ட், அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் பிடி, வாங்கினால் துளை போடும் வேலையே இல்லை. ஸ்கோப் குழாய் ஒரு அங்குலமா 30 மில்லிமீட்டரா என்று பார்த்து வளையம் வாங்குங்கள். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுக் கடைக்குத் திரும்ப நடக்கிறவர்கள் நிறைய.

மாட்டும் முன் ஒரு சோதனை. மணல் மூட்டையில் வைத்து, துப்பாக்கியிலேயே இருக்கிற இரும்பு சைட்டில் (குறிபார்க்கும் முனை) 25 மீட்டரில் ஐந்து ஐந்தாக மூன்று தாள் சுடுங்கள். குண்டு எங்கே விழுந்தது என்பது முக்கியமில்லை, எவ்வளவு கூடி விழுந்தது என்பதுதான் விஷயம். மூன்று தாளிலும் ஒரே மாதிரி கூடி விழுந்தால் அந்த ரைஃபிள் ஸ்கோப்புக்குத் தயார். சிதறினால் முதலில் தோளில் வைக்கும் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளை இறுக்குங்கள். பிறகு பேரல் (குழல்) வாயின் விளிம்பில் அடி, கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்கோப் உங்கள் கண்ணுக்கு உதவும், பேரலுக்கு உதவாது. சிதறுகிற துப்பாக்கியில் ஒன்பது மடங்கு பெருக்கம் வைத்தால் சிதறல்தான் ஒன்பது மடங்கு தெரியும்.

அதே நண்பர்: .315தான் அண்ணே கம்பீரம். மதுரையில தெரிஞ்ச லேத் பட்டறை இருக்கு. துளை போட்டு மவுண்ட் வச்சிரலாமா?

கூடாது. துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே ஆயுதச் சட்டப்படி தனி லைசன்ஸ் வேண்டும். அது இல்லாத பட்டறைக்குள் ரைஃபிளைக் கொண்டுபோனால் அவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. செய்தே ஆகவேண்டும் என்றால் லைசன்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான்.

நான் செய்யச் சொல்லமாட்டேன். .315 என்பது இஷாப்பூர் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டு அமைப்பில் செய்தது. .303 ராணுவத் தோட்டா, பொதுமக்களுக்குத் தடை. அதனால்தான் அதே உடம்புக்கு .315 தோட்டா கொடுத்தார்கள். அந்தக் கட்டையின் உயரம் இரும்பு சைட்டுக்காக வைத்தது. மேலே ஸ்கோப் ஏறியதும் கன்னம் மரத்தைத் தொடாது, தாடைதான் தொடும். தலை அந்தரத்தில் நின்றால் ஒவ்வொரு முறையும் கண் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் இதே குடும்பத்து நம்பர் 4 ரைஃபிளை ஸ்னைப்பருக்காக மாற்றியபோது, 3.5 மடங்கு ஸ்கோப்போடு கட்டையின் மேல் கன்னத்துக்கென்று ஒரு மரத்துண்டும் திருகி வைத்தார்கள். மரம் இல்லாமல் ஸ்கோப் மட்டும் பிரயோஜனப்படாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்று, தாத்தா துப்பாக்கியில் போட்ட துளை போட்டதுதான், அடைத்தாலும் தழும்பு நிற்கும். அதை இரும்பு சைட்டிலேயே சுடுங்கள், அழகாகத்தான் சுடும்.

உசிலம்பட்டி: பேரலை மடக்கி லோடு பண்ற ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வச்சிருக்கேன். .22 ரைஃபிள்ல இருந்து கழட்டுன நல்ல ஸ்கோப்தான், இதுல மாட்டுனேன். ஒரு டப்பா பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) முடியுறதுக்குள்ள உள்ள இருக்கிற சிலுவைக் கோடு சரிஞ்சு போச்சு. சின்ன ஏர் கன்னுக்கு இவ்வளவு அதிர்ச்சியா சார்?

அதிர்ச்சியின் அளவு சின்னதுதான், திசைதான் வில்லங்கம். தோட்டா ரைஃபிள் பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகரும். பிஸ்டன் போய் முனையில் மோதும்போது துப்பாக்கி முன்னே வெட்டி இழுக்கும். கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு உதை. சாதாரண ஸ்கோப்பில் லென்ஸையும் சிலுவையையும் ஒரு பக்க உதைக்குத்தான் முட்டுக் கொடுத்திருப்பார்கள். எதிர்ப்பக்கம் வாங்கும்போது கழன்றுவிடும். வாங்கும்போது ‘ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் தாங்குமா’ என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள், கடைக்காரர் வாய்வார்த்தை போதாது.

அந்த முன் இழுப்பில் மவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நழுவும். பின் வளையத்துக்குப் பின்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு ஒரு டப்பா சுடுங்கள். கோட்டை மவுண்ட் மூடியிருந்தால் நழுவுகிறது என்று அர்த்தம். மவுண்ட் உட்காரும் ரெயிலில் துளை இருந்தால், அதில் இறங்கி நிற்கும் ஸ்டாப் பின் உள்ள மவுண்ட் போடுங்கள், இல்லையென்றால் பின்னால் ஒரு தடுப்புக் கட்டை. திருகை மேலும் மேலும் முறுக்கி நிறுத்தப் பார்த்தால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

மேலூர்: ஏர் ரைஃபிள் ரெண்டு இருக்குண்ணே. ஒண்ணு பேரல் மடக்குறது. இன்னொண்ணு அடியில லீவர், பேரல் அசையாது. மடக்குறதுதான் இப்ப நல்லா அடிக்குது. ஸ்கோப்புக்கு எது?

பேரல் அசையாதது. மடக்குகிறதில் பின் சைட் பெரும்பாலும் பேரல் மேலேயே இருக்கும். பேரல் மூடும்போது இம்மி கீழே நின்றாலும் சைட்டும் கூடவே நிற்கும், உங்களுக்குத் தெரியாது. ஸ்கோப்போ சிலிண்டர் மேல் உட்கார்ந்திருக்கிறது. பேரல் எங்கே பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. இப்போது நன்றாக அடிப்பது ஸ்கோப் ஏறியதும் கெட்டுப்போனதாகத் தோன்றுவது இதனால்தான். மடக்குகிறதிலேயே மாட்ட ஆசை என்றால், பேரலை மூடிவிட்டு நுனியைப் பிடித்து இடம் வலம் அசைத்துப் பாருங்கள். கீல் ஆடினால் விட்டுவிடுங்கள்.

பிசிபி, அதாவது காற்றுச் சிலிண்டர் வைத்தது இருந்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. உதை கிடையாது, எந்த ஸ்கோப்பும் தாங்கும். 4.5 மில்லிமீட்டருக்கு மேலோ 20 ஜூலுக்கு மேலோ போனால் ஏர் ரைஃபிளுக்கும் லைசன்ஸ் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சாப்டூர்: ஐயா, மலையடிவாரத்துல நிலம். பன்றி வந்து கடலையை மொத்தமா தோண்டிருது. நாட்டுத் துப்பாக்கில ஸ்கோப் வைக்க முடியுமா?

உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் பதில் முடியாது என்பதுதான். உங்கள் பக்கத்துக் காடு 2021லிருந்து புலிகள் காப்பகம். பன்றியைச் சுட விவசாயிக்கு அனுமதி இல்லை. 2025ல் அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதை வனத்துறையினர்தான் சுடலாம். பயிர் போன அன்றே படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் ரேஞ்சர் ஆபீசிலும் மனு கொடுங்கள்.

அண்ணா நகர்: மகள் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுறா. ஸ்கோப் வாங்கிக் கொடுத்தா சீக்கிரம் ஸ்கோர் ஏறுமா?

போட்டியில் ஸ்கோப் அனுமதி இல்லை, சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான். அந்தக் காசை ஜாக்கெட்டுக்கும் நல்ல பெல்லட்டுக்கும் போடுங்கள்.

செல்லூர்: ஸ்கோப்புல ‘கால் எம்ஓஏ’ன்னு போட்டிருக்கு. பத்து மீட்டர்ல ரெண்டு சென்டிமீட்டர் தள்ளி விழுது. நாலு கிளிக் திருப்புனேன், அசையவே இல்ல. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, தூரம் குறைவு. எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கிளிக் என்பது ஸ்கோப் திருகின் ஒரு படி. கால் எம்ஓஏ கிளிக் 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும். பத்து மீட்டரில் 0.7 மில்லிமீட்டர்தான். இரண்டு சென்டிமீட்டருக்குச் சுமார் 28 கிளிக் வேண்டும், பயப்படாமல் திருப்புங்கள். அந்தத் தூரத்தில் படம் மங்கலாகத் தெரிந்தால் அது 100 கஜத்துக்குச் சரிசெய்த ஸ்கோப். முன் லென்ஸைத் திருப்பிப் பத்து கஜம் வரை இறக்குகிற வகைதான் உங்களுக்குத் தோது.

மீண்டும் திருமங்கலம்: தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்க. ஸ்கோப்போடயே கொடுக்கலாமா அண்ணே?

கழற்றி வீட்டில் வையுங்கள். அங்கே பத்துத் துப்பாக்கியோடு சாத்தி வைப்பார்கள், எது எதன்மேல் சாய்ந்தது என்று யார் பார்ப்பது? கழற்றும் முன் வளையம் ரெயிலில் உட்காரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டில் துப்பாக்கி எண் சரியா என்று அங்கேயே படித்துப் பார்த்து வாங்குங்கள். திரும்பி வந்ததும் 25 மீட்டரில் ஐந்து தோட்டா போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் மற்றது.